கான்டாக்ஸ் ஜி1, ஜி2: கண்ணுக்குப் புலப்படாத ஃபோகஸை எந்த அளவுக்கு நம்பலாம்?

வாசகர் ஒருவரின் வாதம், 4 மார்ச் 2023

கான்டாக்ஸ் ஜி2 என்ற ஃபிலிம் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸுக்கு வெளியே உள்ள சாளரங்கள் வழியாகத் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் கேமரா) வரிசையில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வியூஃபைண்டரின் நடுவே இரட்டைப் பிம்பம் இல்லை. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும் வேலையும் இல்லை. அருகில் நிற்பவரும் அவருக்குப் பின்னால் உள்ள மரமும் ஒரே தெளிவில் தெரிகின்றன. ஃபோகஸ் யார்மீது விழுந்தது என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியவருகிறது. லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய, விலை மிகுந்த பாயிண்ட் அண்ட் ஷூட் (குறிவைத்து அழுத்தினால் போதும் என்ற எளிய தானியங்கிக் கேமரா) என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? காரணத்தோடு மறுப்பவர் இருந்தால் மறுக்கட்டும்.

5 மார்ச் 2023

பாதியை மறுக்கிறேன், பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

மறுக்கும் பாதி, கேமராவின் உள்வேலை பற்றியது. ஜி வரிசைக் கேமராவின் முன்முகத்தில், லென்ஸுக்கு மேலே, ஒன்றுக்கொன்று விலகி இரண்டு சிறிய சாளரங்கள் இருக்கின்றன. அவ்விரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை உள்ளே இருக்கும் உணரி அளந்து, அந்த விலகலிலிருந்து பொருளின் தூரத்தைக் கணக்கிட்டு, கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரைக் கொண்டு லென்ஸை அந்தத் தூரத்துக்குத் திருப்புகிறது. கையால் ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டரான லைக்கா எம்6 செய்வதும் இதே முக்கோணக் கணக்கைத்தான். அங்கே பிம்பங்கள் பொருந்திவிட்டனவா என்று தீர்ப்பளிப்பது நம் கண். இங்கே தீர்ப்பளிப்பது மின்னணுச் சுற்று. லென்ஸின் வழியாகப் பார்க்காமல், லென்ஸுக்கு வெளியே தூரத்தை அளந்து, அளந்ததை லென்ஸுக்குச் சொல்லும் முறை இரண்டிலும் ஒன்றே.

ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்: தீர்ப்பளிக்கும் இடத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டிருக்கிறோம். லென்ஸின் வழியாகவே கண்ணாடி கொண்டு பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் தவறினால் வியூஃபைண்டரே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். லைக்காவில் இரட்டைப் பிம்பம் காட்டிக்கொடுக்கும். இதில் காட்டிக்கொடுக்க இருப்பது, கேமரா கணித்த தூரத்தைச் சொல்லும் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைப் படிக்கப் பழகியவருக்கு இது ரேஞ்ச்ஃபைண்டர். பழகாதவருக்கு நீங்கள் சொல்வதே சரி.

5 மார்ச், சற்றுப் பின்னர்

பாயிண்ட் அண்ட் ஷூட் என்ற ஒப்பீட்டுக்குத் தனியாக ஒரு வரி. கான்டாக்ஸ் டி2 1990இல் வந்தது, கொனிகா ஹெக்ஸார் 1993இல் வந்தது. இரண்டும் நல்ல லென்ஸோடு வந்த ஆட்டோஃபோகஸ் கேமராக்கள், ஆனால் அந்த லென்ஸ் கழற்ற முடியாதது. 1999இல் வந்த ஹெக்ஸார் ஆர்எஃப்பில் லென்ஸை மாற்றலாம், ஆனால் ஃபோகஸ் கையால்தான். கான்டாக்ஸ் கேமராக்களைத் தயாரித்த கியோசெரா நிறுவனம் 1994இல் ஜி1ஐயும் 1996இல் ஜி2ஐயும் கொண்டுவந்தபோது ஆட்டோஃபோகஸும் லென்ஸ் மாற்றும் வசதியும் 35 மி.மீ. ஃபிலிமும் ஒரே ரேஞ்ச்ஃபைண்டர் உடலில் சேர்ந்தன. அதன் பிறகு வேறு எவரும் அந்த வழியில் ஒரு ஃபிலிம் கேமரா வரிசையைத் தொடரவில்லை.

8 மார்ச் 2023

எண்ணைப் படிப்பது என்றால் என்ன என்று கேட்கப்பட்டிருக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

எதிரே நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன்பே மனத்துக்குள் ஒரு மதிப்பைச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஜி2 தான் கணித்த தூரத்தைக் காட்டுகிறது. அது இரண்டுக்கு அருகில் இருந்தால் மீதியையும் அழுத்துகிறேன். ஐந்து என்றோ முடிவிலி என்றோ காட்டினால், ஃபோகஸ் சட்டம் (எதை அளக்கிறோம் என்று வியூஃபைண்டரின் நடுவே காட்டும் குறி) அவருடைய தோளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரைப் பிடித்துவிட்டது என்று பொருள். விரலை எடுத்து, சட்டத்தை அவர் முகத்தின் விளிம்பிலோ சட்டைக் காலரிலோ வைத்து மறுபடி பாதி அழுத்துகிறேன். இது எழுதப்படும்போது நீண்ட சடங்காகத் தோன்றுகிறது. கையில் பழகிய பிறகு ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும் வேலை.

இதில் கேமராவைவிட அதிகம் பழக வேண்டியது நம் தூர மதிப்பீடுதான். ஒரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் சொல்லத் தெரியாதவருக்கு அந்த எண் எந்த எச்சரிக்கையையும் தராது. கையை நீட்டினால் விரல் நுனி எவ்வளவு தூரம் போகிறது, நான் படுத்தால் எவ்வளவு நீளம் என்பவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். படுத்து அளந்ததை வீட்டில் எவரும் பெருமையாகப் பேசவில்லை.

9 மார்ச் 2023

ஃபோகஸ் சட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இரு சாளரங்களும் கிடைமட்டத்தில் விலகியிருப்பதால், அளவீடு நம்பியிருப்பது செங்குத்தான கோடுகளையும் விளிம்புகளையும். கதவு நிலை, மூக்கின் ஓரம், சட்டைப் பொத்தான் வரிசை ஆகியவை நல்ல இலக்குகள். கிடைமட்டக் கோடுகள் மட்டுமே உள்ள சன்னல் மறைப்பு, வெறும் சுவர், மேகமற்ற வானம் ஆகியவை மோசமான இலக்குகள். கோடு கிடைமட்டமாக இருந்தால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அளந்து, அளவைப் பூட்டிக்கொண்டு, பிறகு மறுபடி திருப்பிப் படமெடுக்க வேண்டும்.

ஜி1 இந்த ஒரு முறையை மட்டுமே நம்பியிருக்கிறது. ஜி2இல் அதோடு அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளது. இருண்ட அறையிலும், கோடற்ற பரப்பிலும், அருகிலுள்ள பொருள்களுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று வெளியே எடுக்கும்போது கண்ணாடியே அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதால், அத்தகைய இடத்தில் தூரத்தைக் கையால் வைத்துவிடுவதே என் வழக்கம்.

9 மார்ச், பின்குறிப்பு

அளவீடு லென்ஸுக்கு வெளியே நடப்பதில் ஒரு நன்மையும் ஒரு வேடிக்கையும் இருக்கின்றன. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினாலும் ஃபோகஸ் தடுமாறாது, வியூஃபைண்டரும் இருளாது. அதே காரணத்தால், லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் உலகம் அழகாகவே தெரிந்துகொண்டிருக்கும். ஒளியை அளப்பது மட்டும் லென்ஸின் வழியாக நடப்பதால், பட்டப்பகலில் ஷட்டர் வேகம் பல விநாடிகளுக்கு இறங்கி நின்று, ஏதோ சரியில்லை என்று உணர்த்தும். பெரிய கைகள் உள்ளவர்கள் ஃபோகஸ் சாளரத்தை விரலால் மூடிவிடுவது தனிக் கதை.

14 மார்ச் 2023

இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் லென்ஸ்கள்தான். இந்த இழையில் இதைத்தான் விரிவாக எழுத விரும்பினேன்.

லென்ஸ் நிறுவனமான கார்ல் சைஸின் வடிவமைப்பில் இந்த வரிசைக்கு வந்தவை (மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் நெருங்கும்) 16 மி.மீ. ஹோலோகான், 21 மற்றும் 28 மி.மீ. பயோகான், 35 மற்றும் 45 மி.மீ. பிளானார், 90 மி.மீ. சொன்னார், பின்னர் வந்த 35-70 மி.மீ. வேரியோ சொன்னார் ஆகியவை. இவற்றுள் பயோகான்களை எடுத்துக்கொள்வோம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே கண்ணாடி எழுந்து தாழ இடம் விட வேண்டியிருப்பதால், அகலக்கோண லென்ஸை அதன் இயல்புக்கு மாறாக ஃபிலிமிலிருந்து விலக்கி வடிவமைக்க வேண்டியிருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே பயோகானின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் சென்று அமர்கிறது. முன்பாதியும் பின்பாதியும் ஏறத்தாழ ஒத்த வடிவில் இருப்பதால் ஒன்றின் வளைவுப் பிழையை மற்றொன்று சரிசெய்துவிடுகிறது. கட்டடத்தின் ஓரக்கோடு படத்தின் ஓரத்திலும் நேராக நிற்பது இதனால்தான். பயோகானின் மூல வடிவமைப்பாளர் லுட்விக் பெர்டலே, சொன்னாரும் அவருடையதே. பிளானார் அதற்கும் முந்தியது, பால் ருடால்ஃப் 1896இல் உருவாக்கியது.

45 மி.மீ. பிளானார், எஃப் 2 (அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். நான் மிகுதியும் கேமராவில் மாட்டிவைத்திருப்பது இதுவே. எஃப் 2இல் திறந்து எடுத்தாலும் நடுப்பகுதியின் கூர்மை சற்றும் தயங்குவதில்லை. 35 மி.மீ. பிளானாரைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. மோசமான லென்ஸ் அல்ல, ஆனால் 28க்கும் 45க்கும் இடையே நின்று இரண்டின் தனித்தன்மையையும் அது இழக்கிறது.

ஹோலோகான் ஒரு தனிப்பிறவி. அபெர்ச்சர் எஃப் 8 என்று நிலையாக நிற்கும், ஆட்டோஃபோகஸ் இல்லை, தனி வியூஃபைண்டர் வேண்டும், ஓரங்கள் இருளாமல் இருக்க நடுவில் அடர்ந்த ஃபில்டரும் வேண்டும். இந்தக் கேமராவின் எந்த வசதியையும் பயன்படுத்தாத லென்ஸ் ஒன்று இதற்கே செய்யப்பட்டிருப்பது எனக்குப் பிடித்த முரண்.

15 மார்ச் 2023

35 மி.மீ. பற்றி நேற்று எழுதியதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. குழுவாக நிற்பவர்களைச் சிறிய அறைக்குள் எடுப்பவருக்கு அது பொருந்தும் என்பதை ஏற்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.

21 மார்ச் 2023

ஃபோகஸ் எவ்வளவு தவறினால் படம் கெடும் என்பதற்குக் கணக்குப் பார்ப்போம். ஏற்கத்தக்க மங்கல் வட்டத்தை, அதாவது ஒரு புள்ளி ஃபிலிமில் பரவினாலும் தெளிவாகவே தெரியும் எல்லையை, 0.03 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன்.

45 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் ஒரு மீட்டர் தூரத்துக்கு வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. அளவு. 90 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் இரண்டு மீட்டருக்கு வைத்தால் ஏறத்தாழ 8 செ.மீ.; அதே லென்ஸை அதன் மிகக்குறைந்த தூரமான ஒரு மீட்டருக்கு வைத்தால் 2 செ.மீ.கூட இல்லை. கண்ணிமைக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அது குறைவு. மாறாக, 28 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் 3.3 மீட்டருக்கு வைத்தால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவு.

இந்த எண்களிலிருந்து நான் பெற்ற நடைமுறை இதுதான்: 28இல் ஆட்டோஃபோகஸைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; 45இல் எண்ணைப் பார்க்கிறேன்; 90இல் எண்ணைப் பார்த்த பிறகும் ஓரளவு சந்தேகப்படுகிறேன். இணையத்தில் இந்தக் கேமராவின் ஃபோகஸை ஒருவர் புகழ்ந்தும் இன்னொருவர் இகழ்ந்தும் எழுதுவதைப் பார்த்தால், முதலாமவர் எந்த லென்ஸை வைத்திருக்கிறார், இரண்டாமவர் எந்த லென்ஸை வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

22 மார்ச் 2023

8 மார்ச்சில் சொன்ன முறையை இப்போது சற்று இறுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண், ஃபோகஸ் பின்புலத்துக்குத் தாவிவிட்டதா என்பதை மட்டுமே காட்டும். கண்ணில் விழுந்ததா காதில் விழுந்ததா என்பதைக் காட்டாது. பெரிய தவறைப் பிடிக்கும், சிறிய தவறைப் பிடிக்காது. சிறிய தவறுக்கு ஒரே மருந்து அபெர்ச்சரைக் குறைப்பது. 90 மி.மீ.இல் அருகிலிருந்து முகம் எடுக்கும்போது எஃப் 4 அல்லது எஃப் 5.6க்குப் போய்விடுகிறேன். இரண்டு மீட்டரில் எஃப் 5.6 ஏறத்தாழ 16 செ.மீ. ஆழத்தைத் தருகிறது, முகத்துக்கு அது போதும், பின்புலமும் மங்கிவிடுகிறது.

அளந்து பூட்டிய பிறகு சட்டகத்தை மாற்ற உடலையோ தலையையோ முன்பின்னாக அசைப்பதையும் தவிர்க்க வேண்டும். எட்டு சென்டிமீட்டரில் மூச்சுவிடுவதும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

2 ஏப்ரல் 2023

வியூஃபைண்டர் சிறியது என்ற குறை பற்றி. உண்மைதான், சிறியதுதான். லென்ஸை மாற்றும்போது அதுவும் 28 முதல் 90 வரை தானாகவே பெரிதாகி மாறுகிறது. வியூஃபைண்டரும் லென்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் அருகிலுள்ள பொருளுக்கு வரும் இடமாறு பிழையையும் திருத்திக் காட்டுகிறது. 21 மி.மீ.க்குத் தனி வியூஃபைண்டரை மேலே மாட்டிக்கொள்ள வேண்டும்.

லைக்காவில் சட்டக் கோட்டுக்கு வெளியே நடப்பதையும் பார்க்கலாம். ஒருவர் சட்டகத்துக்குள் நுழையப்போவதை முன்கூட்டியே அறியலாம். இங்கே எடுக்கப்போகும் பகுதி மட்டுமே தெரிகிறது. தெருவில் எடுப்பவருக்கு இது இழப்பு. நான் இடது கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அந்த இழப்பை ஈடுசெய்ய முயன்றேன், 45 மி.மீ.இல் ஓரளவு முடிகிறது, 90இல் தலைவலி மட்டுமே மிஞ்சுகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர் வாங்குவதற்கு முன் ஒருமுறையேனும் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும்.

3 ஏப்ரல் 2023

ஜி1 போதுமா, ஜி2 வேண்டுமா?

ஜி1 எடை குறைந்தது. 460 கிராம், ஜி2 560 கிராம். இரண்டும் டைட்டானியம் மேலுறை கொண்டவை, இரண்டும் அபெர்ச்சரை நாம் தேர்ந்தால் ஷட்டர் வேகத்தைத் தாமே தேர்ந்துகொள்பவை. ஜி1இன் உச்ச வேகம் 1/2000 விநாடி. ஜி2இல் கையால் 1/4000, தானியங்கியில் 1/6000. ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச வேகம் ஜி1இல் 1/100, ஜி2இல் 1/200. வெயிலில் எஃப் 2இல் எடுக்க விரும்புபவருக்கு அந்த வேறுபாடு பெரியது, மற்றவருக்கு இல்லை.

ஜி1 வாங்குபவர் பின்கதவைத் திறந்து ஃபிலிம் அறையில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு ஒட்டுச்சீட்டைப் பார்க்க வேண்டும். அது பச்சை நிறமாக இருந்தால் 21, 35 மி.மீ. லென்ஸ்களை ஏற்கும்படி மேம்படுத்தப்பட்டது. இல்லையென்றால் அவ்விரண்டும் வேலை செய்யா. வேரியோ சொன்னார் எந்த ஜி1க்கும் பொருந்தாது, அது ஜி2க்கு மட்டுமே.

என் தீர்ப்பு: 28, 45 லென்ஸ்களோடு நிற்பவருக்கு ஜி1 போதும். 90 வேண்டும் என்பவர் ஜி2 வாங்கட்டும்.

3 ஏப்ரல், இரவு

ஒரு கிளைக்கதை, ஆனால் விஷயத்தை விட்டு விலகாதது. ஜி2 வந்த அதே 1996இல் கான்டாக்ஸ் ஏஎக்ஸ் என்ற எஸ்எல்ஆரும் வந்தது. கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் தர வேண்டும் என்பதற்காக, அதில் லென்ஸை விட்டுவிட்டு ஃபிலிம் இருக்கும் உட்பகுதியையே முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். ஒரே நிறுவனம், ஒரே காலம், ஒரே சிக்கல். ஒன்றில் வெளியே நின்று தூரத்தை அளந்து லென்ஸைத் திருப்பினார்கள், மற்றொன்றில் லென்ஸைத் தொடாமல் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பொறியாளர்களின் உணவு இடைவேளைப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

17 ஏப்ரல் 2023

கையால் ஃபோகஸ் செய்வது பற்றிக் கேட்டவருக்கு: ஹோலோகானைத் தவிர மற்ற லென்ஸ்களில் ஃபோகஸ் வளையமே இல்லை, அபெர்ச்சர் வளையம் மட்டும் உண்டு. ஜி1இல் மேல்தகட்டில் உள்ள சக்கரத்தையும், ஜி2இல் முன்முகத்தில் உள்ள சக்கரத்தையும் திருப்பினால் மோட்டார் லென்ஸை நகர்த்துகிறது. இரட்டைப் பிம்பம் இல்லாததால் கண்ணால் சரிபார்க்க வழியில்லை. இதைக் கையால் செய்யும் ஃபோகஸ் என்பதைவிடத் தூரத்தை அமைக்கும் வசதி என்று கருதுவதே பொருத்தம். 28 மி.மீ., எஃப் 8, மூன்று மீட்டர் என்று வைத்துவிட்டு நடந்தால் மோட்டாரின் ஒலியும் தாமதமும் இல்லாமல் எடுக்கலாம்.

ஜி2இல் இன்னொரு வழியும் உண்டு. கேமராவைக் கையியக்க நிலையில் வைத்துவிட்டு, பின்புறப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஆட்டோஃபோகஸ் ஒருமுறை அளந்து அந்தத் தூரத்திலேயே நின்றுவிடும். ஷட்டர் பொத்தான் படம் எடுப்பதை மட்டும் கவனிக்கும். ஒருவரைத் தொடர்ந்து பல படங்கள் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மறுபடி அளக்க வேண்டிய தேவை நீங்கிவிடுகிறது. 8 மார்ச்சில் எழுதிய அரை அழுத்த முறையை இப்போது நான் அநேகமாகக் கைவிட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டேன்.

18 ஏப்ரல் 2023

இந்த முறையில் எண்ணைப் பார்க்க மறந்துவிடுவீர்கள் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். கட்டைவிரல் அழுத்தும்போதே எண்ணைப் பார்த்துவிடுகிறேன். ஷட்டரை அழுத்தும் தருணத்தில் முகபாவத்தைப் பார்க்க வேண்டியிருப்பதால், இரண்டையும் பிரித்து வைப்பதே எனக்கு எளிது.

6 மே 2023

டிஜிட்டல் உடலில் இந்த லென்ஸ்களை அடாப்டர் வழியாக மாட்டலாமா என்பதற்குச் சுருக்கமான விடை: 45உம் 90உம் நன்றாக இருக்கும், பயோகான்கள் சிரமப்படும். ஃபிலிமுக்கு அருகில் அமரும் அந்தப் பின்பகுதியிலிருந்து ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழுகிறது. உணரியின் முன்னுள்ள கண்ணாடிப் படலத்தில் அது மூலைகளைக் குழப்பி, நிறத்தையும் மாற்றிவிடுகிறது. ஃபிலிமில் வரமாக இருந்தது உணரியில் சுமையாகிவிடுகிறது. மேலும், லென்ஸில் வளையம் இல்லாததால் அடாப்டரிலேயே ஃபோகஸ் சக்கரம் வேண்டும்.

20 மே 2023

பழையதை வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றை ஒருவர் கேட்டிருந்தார். 2005இல் கியோசெரா கான்டாக்ஸ் கேமராத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆகவே இன்று கிடைக்கும் எந்த உடலும் இளமையானதல்ல, மின்னணுப் பாகம் கெட்டால் மாற்றுப் பாகம் இன்னொரு கெட்ட கேமராவிலிருந்துதான் வர வேண்டும். இயந்திர லைக்காவைப் பழுதுபார்ப்பவர் இருப்பார். இதைத் திறக்க ஒப்புக்கொள்பவரைத் தேட வேண்டியிருக்கும். வாங்கும் முடிவில் இதுவே எனக்குப் பெரிய தயக்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

வியூஃபைண்டரின் எல்சிடி எழுத்துகள் கசிந்து கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிஆர்2 பேட்டரி இரண்டையும் புதிதாகப் போட்டுச் சோதியுங்கள். வலுவிழந்த பேட்டரியோடு கேமராவை மதிப்பிடுவது வீண். 90 மி.மீ. லென்ஸை இரவலாகவேனும் வாங்கி மாட்டி, அளவுநாடாவால் இரண்டு மீட்டரில் வைத்த செங்குத்துக் கோடு ஒன்றை அளக்கச் சொல்லி, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப் 2.8இல் ஒரு ஃபிலிம் சுருளை முழுவதும் அந்தச் சோதனைக்கே செலவிடுங்கள். எண் சரியாக இருந்தும் படம் மங்கினால், அளவீட்டுக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள ஒழுங்கமைப்பு விலகியிருக்கிறது. எண்ணே தவறாக இருந்தால் சாளரங்களின் பக்கம் சிக்கல். முதலில் சாளரங்களை மென்துணியால் துடைத்துப் பாருங்கள்; பழைய கேமராவில் அங்கே படிந்த எண்ணெய்ப்பசையே பல நேரங்களில் குற்றவாளி.

21 மே 2023

அளவுநாடாவை எங்கிருந்து பிடிப்பது என்ற கேள்விக்கு: லென்ஸின் முன்முனையிலிருந்து அல்ல, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து. 90 மி.மீ. லென்ஸை மாட்டிய நிலையில் அதன் முன்முனை ஃபிலிம் தளத்திலிருந்து பல சென்டிமீட்டர் முன்னால் நிற்பதால், அங்கிருந்து அளந்தால் 21 மார்ச்சில் கணக்கிட்ட அந்த எட்டு சென்டிமீட்டரின் பெரும்பகுதி நாடாவிலேயே போய்விடும்.